கழுத்து முண்ணாண் அடிபட்டு ஏழு மாசம்: ஸ்டெம் செல்லுக்குக் காணி விக்கிறதா, கையைப் பாக்கிறதா?

தங்கச்சி, உங்கட கேள்வியை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க. மற்ற ஆக்களுக்கும் விளங்க நீங்க கேட்டதைச் சுருக்கிச் சொல்லிடுறன். தம்பிக்கு 23 வயசு, நிலாவெளியில போட்டில இருந்து தலைகீழாப் பாய்ஞ்சவன், தண்ணி இடுப்பளவுதான் எண்டு தெரியேல்ல, தலை மணல்ல குத்தி கழுத்தில அஞ்சாவது எலும்பு நொறுங்கிட்டுது. ஒப்பரேஷன் செஞ்சு பிளேட் வச்சாச்சு. ஆஸ்பத்திரி டிக்கட்டில 'சி5, ஏசியா பி' எண்டு எழுதியிருக்கு. இப்ப ஏழு மாசம், உப்புவெளியில வீட்டில இருக்கிறான். தமிழ்நாட்டில ஒரு இடத்தில நாலு ஸ்டெம் செல் (வேற வேற கலமா மாறக்கூடிய மூலக் கலம்) ஊசி போட்டா ஆறு மாசத்தில நடப்பான் எண்டு சொல்லி பத்து லட்சம் இந்தியக் காசு கேக்கிறாங்க, அம்மா சாம்பல்தீவுக் காணியை விக்க நிக்கிறா. வெளிநாட்டில இருக்கிற மாமா வேற ஏதோ கரண்ட் மெஷின் வீடியோ அனுப்பியிருக்கிறார். எதைச் செய்யிற?

முதல்லயே சொல்லிடுறன், காணியை விக்காதீங்க. ஆனா அதுக்காக ஒண்டும் செய்யாம இருங்க எண்டு நான் சொல்லவரேல்ல. தம்பிக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் ஒண்டு இருக்கு, அது காலில்ல, கை. அதைப் பற்றி ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்ல எண்டதுதான் எனக்குக் கவலை. நான் பிசியோதெரபிஸ்ட், கொழும்புப் பக்கம் முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள்ளால போற நரம்புக் கயிறு, அடிபட்ட ஆக்கள்ட வார்டில கனகாலம் வேலை செஞ்சிட்டு இப்ப ஊருக்கு வந்திட்டன். டொக்டர் இல்ல, அதையும் ஞாபகம் வச்சுக்கொண்டு வாசிங்க.

முதல்ல அந்த டிக்கட்டில எழுதினது என்ன எண்டு விளங்கணும், அது விளங்கினா பாதி ஏமாத்து தானா நிண்டுடும். கழுத்தில எலும்பு ஏழு, ஆனா நரம்புச் சோடி எட்டு, மேல இருந்து சி1, சி2 எண்டு எண்ணுவாங்க. சி3, 4, 5 மூண்டும் சேர்ந்து மூச்சு இழுக்கிற உதரவிதானத்தை ஆட்டுது, அதாலதான் தம்பி மெஷின் இல்லாம மூச்சு விடுறான், ரெண்டு எலும்பு மேல உடைஞ்சிருந்தா கதை வேற. சி5 தோளைத் தூக்கும் முழங்கையை மடக்கும், சி6 மணிக்கட்டை மேல நிமித்தும், சி7 முழங்கையை நீட்டும், சி8 விரலை மடக்கும். சி5 எண்டு எழுதினா அதுவரைக்கும் ஒழுங்கா வேலை செய்யுது எண்டு அர்த்தம். அடுத்தது அந்த ஏசியா எழுத்து, அடி எவ்வளவு மோசம் எண்டு ஏயில இருந்து இ வரைக்கும் போடுற தரம். ஏ எண்டா அடிபட்ட இடத்துக்குக் கீழ ஆசனவாய் வரைக்கும் உணர்வும் இல்ல அசைவும் இல்ல. பி எண்டா அசைவு இல்ல, ஆனா உணர்வு கீழ வரைக்கும் கொஞ்சம் போய்ச் சேருது. சி, டி எண்டு போகப்போக அசைவு கூடும், இ எண்டா சாதாரணம். ஏக்கும் பிக்கும் வெளியில பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, ரெண்டு பேரும் படுக்கையிலதான் கிடப்பாங்க, ஆனா பி எண்டா முண்ணாண் முழுசா அறுபடேல்ல, கொஞ்ச நார் உயிரோட இருக்கு. அந்தச் சோதினையை எப்ப கடைசியா செஞ்சாங்க எண்டு பாருங்க. ஒப்பரேஷனுக்கு முதல் எழுதினதை வச்சுக்கொண்டு இருக்காதீங்க, ஏழு மாசத்தில மாறியிருக்கலாம், திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்க. ஆசனவாய்க்குள்ள விரல் வச்சுப் பாக்கிறதும் அதில ஒரு பகுதி, அதைச் செய்யாம எழுத்துப் போட்டிருந்தா அந்த எழுத்தை நம்பாதீங்க.

இப்ப ஸ்டெம் செல். ஆராய்ச்சி பொய் இல்ல, விக்கிறவன்தான் பொய். இந்த வித்தியாசத்தை அம்மாவுக்கு விளங்கப்படுத்துறது கஷ்டம், ஏனெண்டா அந்த ஆக்கள் காட்டுற பேப்பர் துண்டுகள் உண்மையானதாவும் இருக்கும், வேற ஆரோ வேற எங்கயோ செஞ்சதா இருக்கும். உண்மையில நடந்தது என்ன எண்டு சொல்றன்.

2010ல அமெரிக்காவில ஜெரோன் எண்ட கம்பனிதான் முதன்முதல்ல கருமுளை ஸ்டெம் செல்லில இருந்து எடுத்த கலங்களை முண்ணாண் அடிபட்ட மனிசருக்குப் போட்டது, அடுத்த வருஷமே காசுப் பிரச்சினையால நிப்பாட்டிட்டாங்க. பிறகு ஆஸ்டீரியாஸ் எண்ட கம்பனி அதே கலத்தை கழுத்தில அடிபட்ட 25 பேருக்குப் போட்டுப் பாத்தது, பெரிய ஆபத்து ஒண்டும் வரேல்ல, கனபேருக்கு கையில ஒரு படி ரெண்டு படி முன்னேற்றமும் வந்தது. ஆனா ஒப்பிட்டுப் பாக்க ஊசி போடாத கூட்டம் அதில இல்ல. இதுதான் முக்கியமான இடம், இதில நிண்டு யோசிங்க. கழுத்து முண்ணாண் அடிபட்டவைக்கு ஒண்டும் போடாட்டிலும் முதல் வருஷத்தில கொஞ்சம் திரும்பி வரும், அதிலயும் பெரும்பங்கு முதல் ஆறு ஒன்பது மாசத்துக்குள்ள வரும், கனபேருக்கு அடுத்த ஒரு படி நரம்பு தானா முழிக்கும். சி5ல இருந்தவன் சி6க்கு வாறது ஊசியாலயும் இருக்கலாம் காலத்தாலயும் இருக்கலாம். ஒப்பிடுற கூட்டம் இல்லாட்டி ஆராலும் பிரிச்சுச் சொல்ல ஏலாது. ஜப்பான்ல 2018 கடைசியில ஸ்டெமிராக் எண்ட மருந்துக்கு நிபந்தனையோட அனுமதி குடுத்தப்ப உலகத்தில கன விஞ்ஞானிகள் சத்தம் போட்டது இதுக்குத்தான், 13 பேர்ல செஞ்ச ஆராய்ச்சி, 12 பேர் முன்னேறினாங்க, ஆனா ஒப்பிட ஒருத்தரும் இல்ல.

பிறகு அதே ஜப்பான்ல கெயோ பல்கலைக்கழகத்தில ஒகானோ எண்ட பேராசிரியர்ட குழு, ஐபிஎஸ் கலம், அதாவது வளர்ந்த மனிசன்ட சாதாரண கலத்தைத் திருப்பிக் குழந்தைக் கலமாக்கி எடுக்கிறது, அதை 2021 டிசம்பர்ல முதலாவது ஆளுக்குப் போட்டாங்க. 2025 மார்ச்சில முடிவு சொன்னாங்க, நாலு பேர், ஆளுக்கு இருவது லட்சம் கலம், நாலு பேரும் ஏசியா ஏயில இருந்தவங்க, ஒருத்தர் டி வரைக்கும் வந்திட்டார், இன்னொருத்தர் சி, மற்ற ரெண்டு பேர்ட எழுத்து மாறேல்ல. கேக்க நல்ல செய்திதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனா எல்லாருக்கும் அடிபட்டு ரெண்டுல இருந்து நாலு கிழமைக்குள்ள போட்டது. ஏழு மாசத்துக்குப் பிறகு அடிபட்ட இடத்தில தழும்பு கட்டிப் போயிடும், அது வேற நிலம், அதில இதே விதை முளைக்குமா எண்டது இந்த ஆராய்ச்சியில பாத்த விஷயமே இல்ல.

அப்ப தமிழ்நாட்டுக்காரன் போடுறது என்ன? பெரும்பாலும் இடுப்பெலும்பில இருந்தோ வயித்துக் கொழுப்பில இருந்தோ எடுத்து, கழுவி, முதுகில ஊசியாப் போடுறது. கொழுப்புக் கலத்தை வச்சு ஒழுங்கான ஆராய்ச்சி அமெரிக்காவில மேயோ கிளினிக்கில நடந்தது, 2024ல வெளியிட்டாங்க, பத்துப் பேர்ல ஏழு பேருக்கு ஏசியா எழுத்து ஒண்டாவது ஏறிச்சு, ஆனா அவங்களே இது பாதுகாப்புப் பாக்கிற முதல் கட்டம், மருந்து எண்டு சொல்லாதீங்க எண்டுதான் சொல்றாங்க. இந்தியாவிலயே மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல போட்ட வழிகாட்டி இருக்கு, ரத்தப் புற்றுநோய் மாதிரி ஏற்றுக்கொண்ட சில நோய்க்கு எலும்பு மச்சை மாத்துறதைத் தவிர வேற எதுக்கும் ஸ்டெம் செல்லை சிகிச்சை எண்டு விக்கக் கூடாது, அனுமதி எடுத்த ஆராய்ச்சிக்குள்ளதான் போடலாம் எண்டு. ஒழுங்கான ஆராய்ச்சியில நோயாளியிட்ட காசு வாங்க மாட்டாங்க. பத்து லட்சம் கேட்டாலே அது ஆராய்ச்சி இல்ல, வியாபாரம். இதை அப்பிடியே அம்மாட்ட சொல்லுங்க, கணக்கு வழக்கு எண்டா அம்மாமாருக்கு டக்கெண்டு விளங்கும்.

போட்டா வாற ஆபத்து என்ன, காசுதானே போகும், முயற்சி செஞ்சு பாப்பம் எண்டு மாமாமார் சொல்லுவாங்க. 2014ல வந்த ஒரு மருத்துவ அறிக்கையைச் சொல்றன். ஒரு இளம் பிள்ளை, முண்ணாண் அடிபட்டு மூண்டு வருஷத்தில, மூக்குக்குள்ள இருந்து எடுத்த கலத்தை முண்ணாண்ல வச்சு ஒப்பரேஷன் செஞ்சாங்க. எட்டு வருஷம் கழிச்சு முதுகு வலி எண்டு போய் ஸ்கான் எடுத்தா, முண்ணாண்ல ஒரு கட்டி, வெட்டிப் பாத்தா உள்ளுக்குள்ள மூக்குச் சளி மாதிரிச் சளி. போட்ட கலம் தன்ட வேலையைத் தான் செஞ்சிருக்கு, அவ்வளவுதான். வச்ச பிறகு திருப்பி எடுக்க ஏலாத சாமான் இது.

இன்னொண்டு, அந்த ஆக்கள்ட வீடியோக்களில காலை உதறி 'அசையுது பாருங்க' எண்டு காட்டுவாங்க. உங்கட தம்பிட காலும் இப்ப தானா உதறும், போர்வையை இழுத்தாலே துள்ளும், சரியா? அது முன்னேற்றம் இல்ல, தசை இறுக்கம். மூளையோட தொடர்பு அறுந்த பிறகு கீழ் முண்ணாண் தன்பாட்டில கூத்தாடுறது. நான் வார்டில இருக்கேக்க எத்தின தாய்மார் ஓடிவந்து 'சேர், மகன்ட கால் ஆடுது' எண்டு கையைப் பிடிச்சிருக்கிறாங்க, அதுக்குப் பதில் சொல்றதுதான் இந்த வேலையில எனக்கு ஆகக் கஷ்டமான வேலை. தம்பி சொன்ன நேரத்தில சொன்ன விரல் ஆடினாத்தான் அது அசைவு. இறுக்கத்துக்குப் பக்லோஃபென் குடுத்திருந்தா திடீரெண்டு நிப்பாட்டிடாதீங்க, வலிப்பே வரலாம், டொக்டர் சொல்லி மெல்ல மெல்லத்தான் குறைக்கணும்.

மாமா அனுப்பின மெஷினுக்கு வாறன். அவர் அனுப்பினது ரெண்டில ஒண்டா இருக்கும். ஒண்டு முண்ணாண்ட உறைக்கு மேல மின்தகடு வச்சுத் தைக்கிறது. 2011ல அமெரிக்காவில லூயிவில் நகரத்தில சூசன் ஹார்க்கெமா குழு ஒரு பெடியனை நிக்க வச்சுக் காட்டினாங்க, பிறகு சுவிட்சர்லாந்தில கூர்ட்டீன் எண்ட விஞ்ஞானியும் ப்ளோக் எண்ட சத்திரசிகிச்சை நிபுணரும் அதை இன்னும் கூர்மையாக்கி, 2023ல ஒரு ஒல்லாந்துக்காரருக்கு மூளைப் பக்கமும் கருவி, முண்ணாண்லயும் கருவி வச்சு ரெண்டு பக்கத்தையும் கம்பியில்லாமத் தொடுத்து, அவர் நினைக்க நினைக்க கால் நடக்கிற மாதிரிச் செஞ்சாங்க. அவருக்கும் கழுத்துதான், சைக்கிள் விபத்து, முழுசா அறுபடாத அடி. பெரிய விஷயம்தான், ஆனா ஒரு ஆள், ரெண்டு ஒப்பரேஷன், அதுக்குப் பின்னால ஒரு முழு ஆய்வுகூடம். கிண்ணியாப் பாலம் கட்டினமாதிரி எல்லாரும் ஏறிப் போற பாதையா அது மாற இன்னும் காலம் இருக்கு.

மற்றது உங்களுக்குக் கிட்ட வாற விஷயம். கழுத்துத் தோலுக்கு மேல ஒட்டி கரண்ட் குடுக்கிற ஆர்க்-இஎக்ஸ் எண்ட கருவி. வெட்டுக் கொத்து ஒண்டும் இல்ல. 2024 மே மாசம் முடிவு வெளியிட்டாங்க, கழுத்தில அடிபட்ட 60 பேர், முதல் ரெண்டு மாசம் வெறும் பயிற்சி, அடுத்த ரெண்டு மாசம் அதே பயிற்சியோட கரண்ட், அதில 72 வீதமானவைக்கு கைப்பலமும் கை வேலையும் ரெண்டும் கூடிச்சு, ஒருத்தர் அடிபட்டு 34 வருஷமாம். அந்த வருஷம் டிசம்பர்ல அமெரிக்காவில மருந்தையும் மருத்துவக் கருவியையும் சரிபாக்கிற எஃப்டிஏ அனுமதியும் குடுத்திட்டாங்க, முழுசா அறுபடாத, சி2 தொடக்கம் சி8 வரைக்குமான ஆக்களுக்கு. தம்பி பி எண்டா எழுத்தளவில அதுக்குள்ள வாறான். இதில எனக்குப் பிடிச்சது என்னெண்டா காலம் கடந்துபோகேல்ல, அஞ்சு வருஷம் கழிச்சு இஞ்சால பக்கம் வந்தாலும் பாவிக்கலாம். அதுவரைக்கும் கை மடங்கி இறுகாம இருக்கணும், அதுதான் நிபந்தனை. ஒரு எச்சரிக்கை, பிசியோ கிளினிக்கில வலிக்கு வைக்கிற டென்ஸ் மெஷினைக் கழுத்தில ஒட்டிட்டு இதுவும் அதுதான் எண்டு ஆரும் சொன்னா எழும்பி வந்திடுங்க, அலையும் வேற வேகமும் வேற, கழுத்தில விளையாடுற சாமான் இல்ல. ஆனா முன்கைத் தசையில கரண்ட் வச்சு அசைய வைக்கிற சாதாரண மெஷின் இருக்கு, அது நல்லது, கேட்டு வாங்கிச் செய்விங்க.

சரி, கை. இதுக்குத்தான் இவ்வளவு எழுத வெளிக்கிட்டன்.

கழுத்தில அடிபட்ட ஆக்களிட்ட எது திரும்ப வந்தா உங்களுக்கு ஆகப் பெரிய வித்தியாசம் எண்டு ஆராய்ச்சிக்காரர் கேட்டிருக்கிறாங்க, கூடுதலானவங்க சொன்னது நடை இல்ல, கை. நானும் வார்டில கேட்டிருக்கிறன், அதே பதில்தான். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க, ஃபோனைத் தட்ட, மூக்கில இலையான் இருந்தா ஓட்ட. நடக்கிற கனவு வீட்டுக்காரருக்குத்தான் கூட.

நரம்பு மாத்துற ஒப்பரேஷன் எண்டு ஒண்டு இருக்கு. கந்தளாய்ப் பக்கம் வயல் பாத்திருப்பீங்க, ஒரு வயலுக்கு ரெண்டு வாய்க்கால் தண்ணி வந்தா ஒண்டை மறிச்சுப் பக்கத்து வரண்ட வயலுக்குத் திருப்பி விடுவாங்க, முதல் வயலும் காயாது. அதேதான் இது. முழங்கையை மடக்க முக்கியமா ரெண்டு தசை இருக்கு, ஒண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச பைசெப்ஸ், மற்றது அதுக்குக் கீழ கிடக்கிற பிரேக்கியாலிஸ். பிரேக்கியாலிஸுக்குப் போற நரம்பை வெட்டி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் மடக்குற நரம்பில தைச்சுவிட்டா, கொஞ்ச மாசத்தில கிள்ளிப் பிடிக்கிற பிடி வரும். முன்கையைத் திருப்புற தசைக்குப் போற கிளையை எடுத்து விரலை விரிக்கிற நரம்புக்குக் குடுப்பாங்க. தோள் பக்கம் ஒரு கிளையை எடுத்து முழங்கை நீட்டுறதுக்கு. அடிபட்ட முண்ணாணைத் தொடவே மாட்டாங்க, அதைச் சுத்திப் போற பாதை. மெல்பன்ல நட்டாஷா வான் சில் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர்ட குழு 2019ல லான்செட் எண்ட மருத்துவ இதழில வெளியிட்டது, 16 பேருக்கு 59 நரம்பு மாத்தினாங்க, ரெண்டு வருஷம் பாத்தாங்க, முழங்கை நீட்டுறது, பிடிக்கிறது, கிள்ளுறது எல்லாம் நல்லா வந்தது. எல்லாருக்கும் சரிவரேல்ல, மூண்டு பேர்ல நாலு நரம்பு பிடிக்கேல்ல, அதையும் மறைக்காமச் சொல்லியிருக்கிறாங்க. எனக்கு அந்த அறிக்கையில நம்பிக்கை வந்ததே அந்த இடத்திலதான்.

ஏன் நேரம் ஓடுது எண்டு சொல்றன். முண்ணாண் அடிபட்ட இடத்தில ரெண்டு விதமான சேதம். அந்த மட்டத்திலயே இருந்து வெளியில போற நரம்புகளின்ட வேர்க்கலம் செத்துப்போச்சு, அந்தத் தசைகள் நரம்பே இல்லாம வாடிக்கொண்டு போகுது, ஒரு வருஷம் ஒண்டரை வருஷத்துக்குள்ள புது நரம்பு போய்ச் சேராட்டி நரம்பும் தசையும் ஒட்டுற அந்தப் பொருத்து அழிஞ்சிடும், பிறகு தண்ணி திருப்பினாலும் வயல் இல்ல. அதுக்கும் கீழ உள்ள தசைகளுக்கு வேர்க்கலம் உயிரோடதான் இருக்கு, மூளையோட தொடர்புதான் இல்ல, அதுக்கு அவ்வளவு அவசரமில்ல. எந்தத் தசை எந்த வகை எண்டு நரம்புச் சோதினையில, ஈஎம்ஜி எண்டு சொல்லுவாங்க, பாக்கலாம். நரம்பு வளர்றது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு, அதால ஒப்பரேஷன் முடிஞ்சும் கனமாசம் ஒண்டும் தெரியாது. தம்பிக்கு இப்ப ஏழு மாசம். அவசரப்பட்டு நாளைக்கே வெட்டவும் தேவையில்ல, ஆனா அடுத்த ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள ஒரு தகுதியான ஆள் பாத்து முடிவெடுக்கணும். மோட்டச்சைக்கிள்ல விழுந்து தோள் நரம்பு பிடுங்குப்பட்ட ஆக்களுக்கு செய்யிற ஒப்பரேஷனும் இதே கைவேலைதான், அதால அதைச் செய்யிற பிளாஸ்டிக் சர்ஜன் அல்லது கை சர்ஜனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச்சொல்லி உங்கட டொக்டரிட்டக் கேளுங்க. 'முண்ணாண் அடிபட்டவருக்கு நரம்பு மாத்த ஏலுமா எண்டு பாத்துச் சொல்லுங்க' எண்டு அந்தக் கேள்வி கடிதத்தில எழுத்தில இருக்கட்டும், இல்லாட்டி சும்மா 'கை பலவீனம்' எண்டு போய் எக்ஸ்ரேயோட திரும்பி வருவீங்க.

அது சரிவராட்டி தசைநாண் மாத்துற பழைய முறை இருக்கு, 1970கள்ல சுவீடன்ல மோபெர்க் எண்ட டொக்டர் வளர்த்துவிட்டது, வேலை செய்யிற தசைட நாணை எடுத்து வேலை செய்யாத இடத்தில கட்டுறது. அதுக்குக் காலக்கெடு இல்ல, பத்து வருஷம் கழிச்சும் செய்யலாம்.

இதில வீட்டில நீங்களே கெடுக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கு, அதைக் கட்டாயம் வாசிங்க. மணிக்கட்டு நிமிர்ற ஆளுக்கு, விரல் தசை செத்திருந்தாலும், மணிக்கட்டை நிமித்தேக்க விரல் தானா மடங்கும், தளரவிட்டா தானா விரியும், நாண் இழுபடுறதால. உங்கட கையிலயே தளரவிட்டுப் பாருங்க, தெரியும். அந்த இழுவையை வச்சே ஆக்கள் கரண்டி பிடிக்கிறாங்க, சலம் எடுக்கிற குழாய், அதான் கத்தீட்டர், பிடிக்கிறாங்க. ஆனா வீட்டில அன்பா எண்ணெய் போட்டு, மணிக்கட்டையும் நிமித்தி விரலையும் நேராக்கி, ரெண்டையும் சேர்த்து இழுத்து இழுத்து விட்டா அந்த நாண் நீண்டு தளர்ந்திடும், பிறகு அந்தப் பிடி வராது. விரலை நீட்டேக்க மணிக்கட்டைக் கீழ மடக்கி வச்சுக்கொண்டு நீட்டுங்க, விரலை மடக்கேக்க மணிக்கட்டை நிமித்துங்க. ரெண்டையும் ஒரேநேரம் நீட்டவே கூடாது. அம்மம்மாக்கும் சொல்லிவைங்க, ஆகக்கூட உருவுறது அவதானே.

மருந்து ஏதும் இல்லையா எண்டும் கேட்டிருந்தீங்க. அடிபட்ட உடன குடுக்கிற ஸ்டீராய்டு, மெத்தில்பிரெட்னிசொலோன், 1990ல அமெரிக்காவில பெரிய ஆராய்ச்சி வந்து எட்டு மணித்தியாலத்துக்குள்ள போடணும் எண்டு உலகமெல்லாம் போட்டாங்க, பிறகு கணக்கைத் தோண்டிப் பாத்தா பலன் சின்னது, கிருமித் தொற்றும் ரத்தப்போக்கும் கூட, 2013ல அமெரிக்க நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர்களே வேண்டாம் எண்டிட்டாங்க. இன்னும் சில இடத்தில போடுறாங்க, அது விவாதம். சூரிக்கில ஷ்வாப் எண்ட விஞ்ஞானி, நரம்பு வளர விடாம மறிக்கிற நோகோ எண்ட புரதத்தைக் கண்டுபிடிச்சு, அதை மறிக்கிற மருந்தைக் கழுத்தில அடிபட்ட 126 பேர்ல போட்டுப் பாத்து 2024 கடைசியில முடிவு சொன்னாங்க. மொத்தமாப் பாத்தா வித்தியாசமில்ல, முழுசா அறுபடாத ஆக்களில மட்டும் கொஞ்சம் பலன் போலத் தெரியுது. அதுவும் அடிபட்ட முதல் மாசத்துக்குள்ள போட்டது. தம்பிக்கு இப்ப இதெல்லாம் பிந்தி.

அடிபட்ட உடன செய்யிறதில நல்ல ஆதாரம் உள்ள ஒண்டு, கெதியா ஒப்பரேஷன் செஞ்சு நசிபட்ட முண்ணாணை விடுவிக்கிறது. 2012ல கனடாவில ஃபெலிங்ஸ்ட குழு கழுத்தில அடிபட்ட 313 பேரைப் பாத்தாங்க, 24 மணித்தியாலத்துக்குள்ள செஞ்ச ஆக்களில 19.8 வீதம் பேர் ஆறு மாசத்தில ரெண்டு எழுத்தாவது ஏறியிருந்தாங்க, பிந்திச் செஞ்சவங்களில 8.8 வீதம். கடலுக்குப் போற பெடியள் ஆராவது இதை வாசிச்சா, ஒருத்தன் பாய்ஞ்சு எழும்பாமக் கிடந்தா கையிலயும் காலிலயும் பிடிச்சு இழுத்து த்ரீவீலருக்குள்ள மடிச்சு ஏத்தாதீங்க. தண்ணியிலயே மல்லாக்க மிதக்க விட்டு, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில பிடிச்சுக்கொண்டு, ஒரு பலகை வச்சு எடுங்க, அம்புலன்சுக்கு 1990 எண்ட நம்பருக்கு அடியுங்க. மூச்சில்லாட்டி மூச்சுத்தான் முதல்.

இனி வீட்டில. இதுதான் உண்மையில தம்பியை உயிரோட வச்சிருக்கப்போற பகுதி, ஆனா ஒரு வீடியோவிலயும் வராது. பழைய எகிப்துச் சுவடி ஒண்டில கழுத்து உடைஞ்சு கை கால் விளங்காமப் போனவனைப் பற்றி 'வைத்தியம் செய்யக்கூடாத நோய்' எண்டு எழுதியிருக்கு. அதுக்குப் பிறகு மூவாயிரம் வருஷத்துக்கு மேலயும் அப்பிடித்தான், படுக்கைப்புண்ணிலயும் சலத்தில கிருமி வந்தும் செத்தாங்க. 1944ல இங்கிலாந்தில ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில லுட்விக் குட்மன் எண்ட டொக்டர்தான் அதை மாத்தினார், புது மருந்து ஒண்டும் கண்டுபிடிச்சில்ல, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரவு பகலா ஆளைப் புரட்டிப் போட்டார், சலப்பையை ஒழுங்காப் பாத்தார், பிறகு அம்பு எய்ய விட்டார். பராலிம்பிக் அங்க இருந்துதான் வந்தது. அதால புரட்டுறதை லேசா நினைக்காதீங்க. வீல்செயார்ல இருந்தா அரை மணிக்கு ஒருக்காவாவது முன்னால மேசையில சாய்ச்சுப் பின்பக்கத்துக்குக் காத்து விடுங்க. ராவில படுக்கேக்க டோர்ச் அடிச்சு குண்டிமேடு, குதிக்கால், இடுப்பெலும்பு பாருங்க, சிவப்பு அரை மணித்தியாலத்தில மறையாட்டி அந்தப் பக்கம் படுக்க விடாதீங்க.

சலத்துக்கு நிரந்தரக் கத்தீட்டர் போட்டிருந்தா, நாலு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புதுசா விட்டு எடுக்கிற முறைக்கு மாத்த ஏலுமா எண்டு கேளுங்க, தம்பியால தானே செய்யேலாது, நீங்களோ அம்மாவோ பழகணும், கிருமி குறையும்.

ஆகப் பயங்கரமானது இது: தம்பிக்குத் திடீரெண்டு தலை பிளக்கிற மாதிரி இடி, முகம் சிவந்து வேர்த்து, பிரஷர் ஏறினா, உடன எழுப்பி இருத்துங்க, காலைத் தொங்க விடுங்க, உடுப்பைத் தளர்த்துங்க, பிறகு கத்தீட்டர் மடிஞ்சிருக்கா, அடைச்சிருக்கா, மலம் இறுகியிருக்கா, எங்கயும் குத்துதா எண்டு தேடுங்க. கீழ ஏதோ நோகுது, அவனுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும், மூளையால அடக்கேலாமப் பிரஷர் துள்ளுது. கழுத்தில அடிபட்ட ஆளுக்கு 90க்கு 60 சாதாரணப் பிரஷர், அதால 140 எண்டாலே அவனுக்கு அது ஆபத்து, ஆனா புதுசா வந்த நேர்ஸ் பிள்ளை '140 பரவாயில்லயே' எண்டு படுக்கப் போட்டுடும், படுக்கப் போட்டா இன்னும் ஏறும். ஒரு கார்ட்டில தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதி வீல்செயார்ல கட்டி விடுங்க. குறையாட்டி நிக்காம ஆஸ்பத்திரிக்கு.

நம்மட ஊருக்கெண்டு ஒண்டு. அவனுக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காது, உடம்புச் சூட்டை இறக்க வழியில்ல. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மத்தியானம் தகரக் கொட்டிலுக்குள்ள விட்டா காய்ச்சல் மாதிரிச் சூடு ஏறும், கிருமிக் காய்ச்சல் எண்டு நினைச்சு அன்டிபயோட்டிக் குடுப்பீங்க. ஈரத் துவாயும் ஃபேனும் போதும், ஒரு மணித்தியாலத்தில இறங்காட்டி காய்ச்சலா இருக்கலாம். கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏழு வெந்நீர்க் கிணத்திலயும் குளிக்க வாக்கப்போறம் எண்டு எழுதியிருந்தீங்க, வேண்டாம் எண்டு சொல்லமாட்டன், போய்வந்தா அவனுக்கும் மனம் ஆறும், ஆனா வெளி வெக்கைக்கு மேல வெந்நீரை வாளி வாளியா ஊத்தாதீங்க, சீமெந்தில வெறுமனே இருத்தாதீங்க, சூடும் அவனுக்குத் தெரியாது, தோல் உரியிறதும் தெரியாது.

காணி விக்கிற காசு கையில இல்லாட்டிலும் செய்யக்கூடிய செலவு எண்டா, நல்ல குஷனோட அளவான வீல்செயார், பாத்ரூம் வாசலை அகலமாக்கிறது, ஒரு காத்து மெத்தை, ராகமை மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை உள்ளெடுத்துப் பாக்கச் சொல்லிக் கேக்கிறது. மாங்குளத்தில உயிரிழை எண்டு முண்ணாண் அடிபட்ட ஆக்களே சேர்ந்து நடத்திற அமைப்பு இருக்கு, அவங்களோட ஒருக்காக் கதைக்க விடுங்க. வீல்செயார்ல இருந்து குடும்பம் நடத்திற ஒரு ஆள் சொல்றது நான் பத்துத் தரம் சொல்றதை விட அவனுக்குப் பிடிக்கும்.

கடைசியா நீங்க எழுதின ஒரு வரி, 'மணிக்கட்டு லேசாத் துடிக்கிற மாதிரி இருக்கு' எண்டது, அதை விட்டிட்டுப் போகேலாது. இண்டைக்குப் பின்னேரம் தம்பியை இருத்தி, முன்கையை மேசையில வச்சு, உள்ளங்கை கீழ பாக்க, கையை மேசை விளிம்புக்கு வெளியில தொங்க விடுங்க. கண்ணை மூடச்சொல்லி, நீங்க 'தூக்கு' எண்டு சொல்லேக்க மட்டும் தூக்கச் சொல்லுங்க, பத்துத் தரம். தூக்குதா, எவ்வளவு, எந்தக் கை, சொன்ன நேரத்திலதானா எண்டு எழுதி அனுப்புங்க. உண்மையா நிமிருது எண்டா அவன் சி6க்கு ஏறுறான், சர்ஜனுக்கு எழுதவேண்டிய கடிதமும் வேற மாதிரி எழுதணும்.